போடியாரின் வளவு

“ஒரு வம்சத்தின் வேர் மண்ணுக்கடியில் உறங்குகின்றது. அதைக் கண்டறிந்து தட்டியெழுப்புகின்றவனே அந்த வம்சத்தின் மெய்யான வாரிசு” என்றார் ஹமீட் சேர். சொல்லிவிட்டு, கையிலிருந்த பழைய வரைபடத்தை வெயிலுக்கு எதிரே இன்னும் அகலமாக விரித்துப் பிடித்து, வேரின் முழு அழகையும் ஒரே பார்வையில் காணும் பொருட்டு ஓரடி பின்னால் வைத்தார். வைத்த கால் ஒழுங்கையோரத்துச் சாக்கடைக் கானுக்குள் போனது.

“உம்மோ” என்றார்.

படத்தைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் அந்த ஒழுங்கையில் கான் இருக்கவில்லை. படத்தில் இருந்ததெல்லாம் ஒரு பள்ளிவாசல், அதற்குக் கிழக்கே ஒரு வளைவு, வளைவில் ஒரு கிணறு, கிணற்றை அண்டினாற் போல ஒரு பெட்டி, பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு மனிதரின் பெயர். அந்தப் பெயரைத் தேடித்தான் ஓய்வுபெற்ற பிரதிக் கல்விப் பணிப்பாளர் தெஹிவளையிலிருந்து தான் பிறந்த காத்தான்குடிக்கு வந்திருந்தார்.

கேற்றுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஸுஹைனா ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“கால உதறாதீங்க சேர். செவத்துல படும்.”

ஹமீட் சேர் உதறுவதை நிறுத்தினார். “இந்தச் சுவரில் ஒரு துளி அழுக்கும் படக் கூடாது, தங்கச்சி. இது யாருடைய சுவர் என்று தெரியுமா?”

“எண்ட” என்றாள் ஸுஹைனா.

ஹமீட் சேர் சிரித்தார். பிள்ளை பிழையான விடை சொல்லும்போது, பெற்றோர் பக்கத்தில் நிற்கிற காரணத்தால் மட்டும் சிரிக்கிற சிரிப்பு அது. பிறகு விளக்கினார். ஊர்த் தமிழில் பேசுவதை அவர் கல்வித் திணைக்களத்தில் சேர்ந்த அன்றைக்கே விட்டுவிட்டவர். கானுக்குள் கால் போனால் மட்டும் அது திரும்பி வரும்.

உதுமாலெவ்வைப் போடியார் என்று பெரும் வயற்காணிக்கார பெருமகன் ஒருவர் இருந்தார். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் அவருடைய வயல் வட்டை பார்க்கிற கண்ணுக்கு முடிவு காட்டாமல் விளைந்தது. அவருடைய மகனின் மகனின் மகன் ஹமீட் சேர். போடியாரின் பெயரில் ஒரு வம்சாவளி மன்றம் உண்டு. தலைவர் ஹமீட் சேர், செயலாளர் ஹமீட் சேரின் மூத்த மகன். மன்றத்தின் வட்ஸ்அப் குழுவில் தெஹிவளை தொடக்கம் தோஹா வரை உறுப்பினர்கள் இருந்தார்கள். குழு தொடங்கிய நாளில் போடியாருக்கு இருந்த வயற்காணி, மாதம் தவறாமல் விரிந்து விரிந்து, இப்போது பொலன்னறுவை எல்லையில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. இவ்வளவு நிலத்தை ஆண்டவர் எந்தக் கூரையின் கீழே படுத்தெழும்பினார் என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. ஹமீட் சேர் கொழும்பில் பழைய படங்களுக்குள் கிடந்து புரண்டு, இந்த ஒன்றின் பிரதியை எடுத்து, படத்திலுள்ள பள்ளிவாசலையும் கிணற்றையும் தொலைபேசியில் தெரிகிற பள்ளிவாசலோடும் கிணற்றோடும் பொருத்தி, கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். ஸுஹைனாவின் வீடு.

“ஆகவே இந்த முன்மண்டபத்தில் எவரும் கை வைக்கக் கூடாது” என்று முடித்தார். “இங்கே ஒரு நினைவுக்கல் வரும். பின்னர் பழம்பொருள்களுக்கு ஒரு சிறிய நூதனசாலை.”

“இத நாங்க உடைக்கப் போறம் சேர். மேசன் பக்கீர் பாஸுக்குச் செல்லியாச்சி.”

அவள் சொன்னது உண்மை. காத்தான்குடியில் ஒரு பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் முதலில் வீடு, பிறகுதான் மாப்பிள்ளை. வீட்டை உம்மா மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுவார். இந்த வழக்கம் சரியா பிழையா என்று ஊரில் மேடையேறிப் பயான் பண்ணுகிறவர்கள் உண்டு; பயான் முடிந்து அவர்களும் மனைவியின் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடுவார்கள். ஸுஹைனாவுக்கு இரண்டு மகள்மார். மூத்தவளுக்கு வளவின் பின்பக்கம் போய்விட்டது. இளையவள் நிஸ்றாவுக்கு ஓட்டமாவடியில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. றுமைஸ் என்று பெயர், பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பார்க்கிறவன். ஹஜ்ஜுப் பெருநாள் கழிய நிக்காஹ். அதற்குள் முன்மண்டபத்தை இடித்து அந்த இடத்தில் இரண்டு அறையும் ஒரு குசினியும் எழும்ப வேண்டும். வேறு இடம் கிடையாது. மகள்மாருக்குப் பங்கு பிரிந்து பிரிந்து, ஒரு காலத்தில் மாட்டுவண்டி திரும்பிய வளவில் இப்போது மோட்டார் சைக்கிளைத் தூக்கித்தான் திருப்ப வேண்டும்.

“உடைப்பதா?” ஹமீட் சேர் சுவரில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடினார். “இந்தச் சுவர் என் மூதாதையரின் மூச்சைக் கேட்ட சுவர்.”

“அது சூறாவளிக்குப் பொறகு எங்கட உம்மா கட்டினது, சேர். சூறாவளில பழைய ஊடு முழுக்கப் போயிட்டு. கூரைய மாத்திரம் வாவில கண்டாங்களாம்.”

ஹமீட் சேர் கையை எடுக்கவில்லை. எடுப்பதற்குக் கொஞ்சம் நேரம் கடந்துவிட்டது. “அத்திவாரம் பழையது” என்றார்.

ஸுஹைனா படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். வளைவையும் கிணற்றையும் அவளுக்கும் அடையாளம் தெரிந்தது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பெட்டிகள். அநேகமானவற்றில் பெயர் இருந்தது, சிலவற்றில் இல்லை.

“இதுகளுக்குப் பேரில்லையே?”

“அவை முக்கியமில்லாதவை.”

“கிணறு கீறிரிக்கி. குசினியும் தனியாக் கீறிரிக்கி.”

“தங்கச்சி, வரைபடம் வாசிப்பது ஒரு கலை.” அவர் படத்தை வாங்கிச் சுருட்டினார். “நீங்கள் இங்கே வசிக்கிறவர். நாங்கள் வாரிசுகள். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பிரச்சினையில்லை. வீட்டுக்காரர் எங்கே? அவருடன் பேசுகிறேன்.”

வீட்டுக்காரர் என்று அவர் சொன்னது ஸுஹைனாவின் கணவன் ஜிப்ரியை. ஜிப்ரி பிரதான வீதியில், பேரீச்ச மரங்களுக்கு நேரெதிரே, பாயும் தலையணையும் விற்கிற கடை வைத்திருந்தார். பகல் சோற்றுக்கு வந்தவர் கேற்றடியிலேயே பிடிபட்டார். ஹமீட் சேர் வேர், வம்சம், மூச்சு எல்லாவற்றையும் மறுபடி தொடக்கத்திலிருந்து சொல்லி, குடும்பத் தலைவர் என்ற முறையில் அவருடைய சம்மதத்தைக் கேட்டார்.

“சேர், எனக்கு இந்த ஊட்டுல ஒரு அலுமாரில அரைவாசி” என்றார் ஜிப்ரி. “அதுலயும் கீழ்த்தட்டுல அவட சாரிதான் கிடக்கு. மத்தத அவக்கிட்டக் கேளுங்க.”

ஹமீட் சேர் கேட்கவில்லை. நகர சபைக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஸுஹைனா கட்டட வரைபடத்துக்கு அனுமதி எடுக்கப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் மிகவும் மரியாதையாகத் தலையைச் சொறிந்தார். ஒரு ஆட்சேபனை வந்திருக்கிறது, விசாரித்து முடியும் மட்டும் பிளானைத் தொட ஏலாது, இதில் தனக்கு ஒன்றும் இல்லை, ஆட்சேபனை போட்டவர் தன்னுடைய பாடசாலைக் காலத்துப் பெரிய சேர் என்றார்.

ஊரில் கதை காலைப் பாணோடு சேர்ந்து வீட்டுக்கு வீடு போகும். ஓட்டமாவடிக்கு மட்டும் அது அன்று பின்னேரம் போய்ச் சேர்ந்தது. றுமைஸின் உம்மா சபீனா தொலைபேசி எடுத்தாள்.

“மச்சி, காணில ஏதோ பிரச்சினை எண்டு கேள்விப்பட்டன்.”

“காணில ஒரு பிரச்சினையும் இல்ல, மச்சி. ஒரு சேர்ட மண்டையிலதான்.”

“அப்பிடியா. எனக்கென்ன, நான் ஒண்டும் நினைக்கல்ல. றுமைஸ்ட பெரிய வாப்பாதான் கேக்காரு, ஊடு கட்டுப்படாம எப்பிடி நாள் வைக்கிற எண்டு.” கொஞ்சம் நிறுத்தி, “அது வேற ஆக்கள்ட வளவெண்டும் செல்றாங்களாம். அதையும் நான் நினைக்கல்ல” என்றாள்.

நினைக்காதவள் இவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்திருக்கிறாள் என்று ஸுஹைனாவுக்கு விளங்கியது. பேசி முடித்த சம்பந்தம் ஒன்று காணிக் கதையால் உடைந்தால், அந்தக் கதை பெண்பிள்ளையின் கதையாக மாறி ஊர் சுற்றுவதற்கு அதிக நேரம் எடுக்காது.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஜிப்ரி சமாதானம் பேசினார். “ஒரு கல்லுத்தானே. ஒரு மூலைல வெச்சிட்டுப் போகட்டுமே.”

“இண்டைக்கிக் கல்லு. நாளைக்கிக் கல்லுக்குக் கம்பி வேலி. மறுகா கல்லப் பாக்கக் கொழும்பால ஆக்கள் வருவாங்க. அவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்துறது ஆரு?”

“நான் ஊத்துறன்.”

“நீங்க ஊத்தினா அவங்க திரும்பி வரமாட்டாங்கதான். எண்டாலும் ஏலா.”

நிஸ்றா சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறாவூரில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறவள், பேச்சைச் செலவழிக்கிற பழக்கம் இல்லாதவள். “உம்மா, எனக்காகச் சண்டை புடிக்காதீங்க” என்றாள். “றுமைஸ் வாடகைக்கி இருப்பம் எண்டு செல்றார்.”

“வாடகைக்கா? எங்கட வம்சத்துல ஒரு பொம்புளையும் வாடகைக்கி இருந்ததில்ல.”

“இப்ப நீங்களும் வம்சத்தத் தொடங்கிட்டீங்க” என்றாள் நிஸ்றா.

ஸுஹைனா எழும்பித் தன் கோப்பையைக் கழுவப் போனாள். ஆனால் அந்தச் சொல் உள்ளே விழுந்த இடத்தில் கிடந்து அரித்தது. வம்சம் என்று ஒன்று இருந்தால் அது எந்தப் பக்கத்தால் வருகிறது என்று அவள் அதுவரை யோசித்ததில்லை. யோசிக்கத் தேவை இருக்கவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கானைக் கேட்கிறவர்கள் இல்லை.

மன்றத்தின் வரலாற்று மாநாடு பிரதான வீதியில் ஒரு குளிரூட்டிய கலியாண மண்டபத்தில் நடந்தது. ஸுஹைனாவுக்கு அழைப்பு இல்லை. ஆகவே அவள் நேரத்தோடு போனாள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், நடுவில் ரோஜாப் பூப்போட்ட திரை. பெண்கள் பகுதியில் இரண்டாம் வரிசையில், வாடகைக்கு வான் பிடித்து ஆள் ஏற்றிக்கொண்டு ஓட்டமாவடியிலிருந்து வந்து, சபீனா உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி ஆகப் போகிறவள் கேள்விப்பட்டதைக் கண்ணால் சரிபார்க்க வந்திருக்கிறாள். இருவரும் கட்டிப்பிடித்து ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். சபீனா தன் பக்கத்துக் கதிரையில் இருந்த கைப்பையை எடுக்கவில்லை. ஸுஹைனா ஒரு வரிசை பின்னால் போய் இருந்தாள்.

ஹமீட் சேர் கோட் அணிந்திருந்தார். வெண்திரையில் படம் விழுந்தது. பள்ளிவாசல், வளைவு, கிணறு, பெட்டி. பெட்டியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். உதுமாலெவ்வைப் போடியார் என்று பெயரை அவர் ஓதுவது போல வாசித்தார். மண்டபம் சுப்ஹானல்லாஹ் என்றது.

“இப்போது இரண்டாவது படத்துக்கு வருகிறேன். இது கால் நூற்றாண்டு பிந்தியது. சென்ற கிழமைதான் என் கைக்குக் கிடைத்தது.” அதே வளைவு, அதே கிணறு, அதே பெட்டி விழுந்தன. ஆனால் பெட்டிக்குள் வேறு பெயர். “அப்துல் கபூர். யார் இந்த அப்துல் கபூர்? நம் வம்சாவளியில் இப்படி ஒருவர் இல்லை. போடியாரின் வளவுக்குள் இவர் எப்படி வந்தார்? விற்றதாக ஒரு பேச்சும் இல்லை. எனவே நாம் வர வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று.” கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். “அபகரிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் பாட்டனாரின் வளவை ஒரு பிறத்தியான் அபகரித்திருக்கிறான். இன்று அதில் வசிப்பவர்கள் அந்தப் பிறத்தியானின் வழித்தோன்றல்கள். நாங்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பெருந்தன்மையோடு ஒரு கல்லுக்கு மட்டும் இடம் கேட்கிறோம்.”

ஆண்கள் பகுதியில் ஒருவர் மூக்குச் சிந்தினார். சபீனா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய பின்கழுத்து மட்டும் நிமிர்ந்தது.

“கேள்விகள் இருந்தால் கேட்கலாம். பெண்கள் துண்டில் எழுதி அனுப்பவும்.”

ஸுஹைனா எழும்பினாள். “எண்ட கையெழுத்து வாசிக்க ஏலா சேர். வாயால கேக்கன்” என்று சொல்லிக்கொண்டு திரையடிக்கு வந்தாள். திரையை யாரும் விலக்கவில்லை, அவளே விலக்கினாள். ரோஜாப் பூக்கள் வளையத்தோடு சர்ரென்று ஓரத்துக்குப் போயின.

“தங்கச்சி, முறைப்படி…”

“சின்னக் கேள்வி, சேர். இஞ்ச இரிக்கிற ஆம்பிளைகள்ல, உங்கட வாப்பாட ஊட்டுல இப்ப குடியிரிக்கிற ஆக்கள் ஆரு? கலியாணம் முடிச்ச ஆக்களத்தான் கேக்கன். கொஞ்சம் கைய உசத்துங்க.”

மூன்றாம் வரிசையில் மட்டும் ஒரு கை எழுந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தேத்தண்ணி கொண்டுவருகிறவரைக் கூப்பிட்டவர், பயந்து கையை இறக்கிக்கொண்டார்.

“எல்லாரும் பொஞ்சாதிர ஊட்டுலதான் இரிக்கீங்க. அதுல வெக்கமில்ல, நல்ல ஊடுதான் தந்திரிப்பாங்க. ஹமீட் சேர், தெஹிவளைல நீங்க இரிக்கிறது?”

ஹமீட் சேர் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார்.

“மறுகா போடியார் மாத்திரம் எப்பிடி சேர் சொந்த ஊட்டுல இருந்தாரு? அந்த வளவு எனக்கு எங்கட உம்மா தந்தது. உம்மாக்கு அவட உம்மா. அவக்கு அவட உம்மா. அவக்குக் குடுத்தது பாத்துமுத்து எண்ட மனிசி. உங்கட ரெண்டு படத்துலயும் அந்த ஊட்டுல இருந்தது அவதான். படம் கீறின ஆள் வாசல் படலைல நிண்டு ஆருட ஊடு எண்டு கேட்டிரிப்பான். அந்தக் காலத்துல பொம்புள வெளிய வருவாளா? உள்ளுக்கிருந்து மாப்பிள்ளட பேரச் செல்லியிரிப்பா. முதல் படத்துக்கு ஒருத்தர்ட பேர், ரெண்டாம் படத்துக்கு மத்தவர்ட பேர். ஊடு மாறல்ல சேர். மாப்பிள்ளதான் மாறியிரிக்காரு.”

பெண்கள் பகுதியில் யாரோ இருமினார்கள். அது இருமல் அல்ல.

“இது ஊகம்” என்றார் ஹமீட் சேர். “ஆதாரம் வேண்டும்.”

“பேரில்லாத பெட்டியெல்லாம் முக்கியமில்ல எண்டீங்களே. மாப்பிள்ள மவுத்தாகி, பொஞ்சாதி தனிச்சிப்போன ஊட்டுல செல்றதுக்குப் பேர் இருக்கல்ல. அதான் வெறும் பெட்டி. கிணறு இரிக்கி, குசினி இரிக்கி, ஆள் மட்டும் இல்லையா? பேயா சேர் சோறாக்கின?”

இந்த முறை ஆண்கள் பகுதியிலும் இருமினார்கள்.

“பாத்துமுத்து ரெண்டு கலியாணம் முடிச்சவ எண்டு எங்கட ஊட்டுல எல்லாருக்கும் தெரியும். அப்துல் கபூர்ட புள்ளகள்தான் நாங்க. முந்தின மாப்பிள்ளக்கி இஞ்ச புள்ளகள் இல்ல, அவர்ட பேரும் எங்களுக்குத் தெரியாது. எங்கட ஊட்டுல அவர முந்தின மாப்பிள்ள எண்டுதான் செல்ற. இண்டைக்கித்தான் பேர் தெரிஞ்சிரிக்கி, அதுக்கு சேருக்கு நன்றி செல்லணும்.”

அவள் அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் முன்வரிசையில் ஒருவர், தாடியைத் தடவியபடி, “ஏன் புள்ள, போடியார் ஏன் போனாரு? வட்டை பாக்கவா?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டுவிட்டார்.

“சோத்துக்கு” என்றாள் ஸுஹைனா. “ஒவ்வொரு நாளும் பகல் சோத்துக்கு அவர்ட உம்மாட ஊட்டுக்குப் போவாராம். இஞ்ச ஆக்கி வெச்சிட்டு இவ காத்திருப்பாவாம். ஒரு நாள் அவர் சாப்பிட்டு வர, பாயும் தலகாணியும் படலைக்கி வெளிய இருந்திச்சாம். சாப்பிட்ட இடத்துலயே படுங்க எண்டு செல்லியனுப்பிட்டாவாம். அவர்ட உம்மாட ஊட்டத் தேடுங்க சேர். கல்லு வைக்கிறதெண்டா அதுதான் அவர் விரும்பின இடம்.”

முதலில் சிரித்தது சபீனா. வாயை முந்தானையால் பொத்தி அடக்கப் பார்த்து, முடியாமல், கதிரை குலுங்கச் சிரித்தாள். “எங்கட ஊட்டாருக்கும் அதே வியாதிதான்” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. அதன் பிறகு திரை இருந்தும் பயனிருக்கவில்லை.

ஹமீட் சேர் ஒலிவாங்கியை இறுகப் பிடித்தார். “வரலாற்றைக் குசினிக் கதைகளால் எழுத முடியாது.”

“சேர், முழுக் கதையும் சாப்பாட்டுலதானே நடந்திரிக்கி” என்றார் தாடிக்காரர்.

ஹமீட் சேர் அப்போதும் தளரவில்லை. அவருடைய வாழ்க்கையில் ஒரு சபைக்கு முன்னால் அவர் பிழை என்று ஒப்புக்கொண்டதாக ஒரு பதிவும் கிடையாது. “போடியாரின் தாயார் இல்லத்தைக் கண்டறிவதே மன்றத்தின் அடுத்த கட்டப் பணி. அதை இம்மாநாட்டின் தீர்மானமாக அறிவிக்கின்றேன்” என்றார். கைதட்டல் எழுந்தது. தேத்தண்ணி வந்தது. அந்தத் தாயாரின் இல்லம் படத்தில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் போடியாரின் வாப்பா இளம் வயதிலேயே மவுத்தானவர் என்று வம்சாவளி மன்றமே அச்சடித்துக் கொடுத்திருந்தது. எனவே அது பெயரில்லாத பெட்டிகளில் ஒன்று. எது என்று இன்றுவரை தெரியாது.

வெளியே வரும்போது சபீனா தன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸுஹைனாவின் கையைப் பிடித்தாள். “மச்சி, றுமைஸ் பகல் சோத்துக்கு வந்தா நான் ஊட்டுக்குள்ள எடுக்கமாட்டன். பயப்படாதீங்க” என்றாள்.

மறுநாள் விடியப் பக்கீர் பாஸ் சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கேற்றடியில் நின்றார்.

“பிளான் பாஸாகிட்டா, ராத்தா?”

“இல்ல.”

“அப்ப?”

“கட்டுறதுக்குத்தான் பிளான் கேப்பாங்க. உடைக்கிறதுக்குக் கேட்டா நான் கதைக்கன். நீங்க உடைங்க.”

“மறுகா பெரிய சேர் வந்து…”

“வந்தா அத்திவாரத்தக் காட்டுங்க. அது பழசாம். அள்ளிட்டுப் போகச் செல்லுங்க.”

பக்கீர் பாஸ் பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் அடியைப் போட்டார். சூறாவளிக்குப் பின் உம்மா கட்டிய சுவர் நல்ல சுவர்தான். மதியம் வரை தாக்குப் பிடித்தது. அது சாய்ந்தபோது ஸுஹைனா கொஞ்ச நேரம் குசினிக்குள் போய் நின்றாள். பிறகு வந்து, கற்களை எந்தப் பக்கம் அடுக்குவது என்று சொல்லத் தொடங்கினாள்.

நகர சபையில் உத்தியோகத்தர் ஆட்சேபனையை முறைப்படி விசாரணைக்கு எடுத்தார். ஆட்சேபிப்பவருக்கும் மேற்படி வளவுக்கும் உள்ள உறவைத் தெளிவாகக் குறிப்பிடவும் என்று ஹமீட் சேருக்கு அறிவித்தார். முன்னாள் மாப்பிள்ளையின், அடுத்த மனைவியின், மகனின் மகனின் மகன் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டிய இடம் அது. ஹமீட் சேர் உடல்நிலை காரணமாக ஆட்சேபனையை வாபஸ் பெற்றுக்கொண்டார். அந்தக் கிழமையே வட்ஸ்அப் குழுவில் போடியாரின் வயற்காணி மகாவலி கங்கையைத் தாண்டியது.

வீடு எழும்பியது. ஸுஹைனா வெயிலில் நின்று ஒவ்வொரு கல்லையும் பார்த்தாள். ஜன்னல் எங்கே வர வேண்டும், குசினிப் புகை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பக்கீர் பாஸோடு சண்டை பிடித்தாள், வென்றாள். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தபோது ஜிப்ரி, “எல்லாம் அவட வேலதான்” என்று சொல்லிவிட்டு ஓரமாய் நின்றார். வருகிறவர்களிடமெல்லாம் அவள் பாத்துமுத்துவின் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்லப் பாய்க்கும் தலகாணிக்கும் பக்கத்தில் ஒரு செம்பும் சேர்ந்துகொண்டது. இது பொம்புளைகள்ட வளவு, இதுல ஆம்பிளட பேர் எழுத ஒருத்தருக்கும் விடமாட்டன் என்று முடிப்பாள். கேட்டவர்கள் அதைப் போய் வேறு இடங்களில் சொன்னார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து பதினோராம் நாள் நிக்காஹ் நடந்தது. றுமைஸ் ஒரு பெட்டியோடு வந்து ஏறினான்.

புது வீட்டின் கேற்றுத் தூணில் கறுப்பு மாபிள் கல்லில் றுமைஸின் பெயர் மட்டும் பதித்திருந்தது. கடைக்குப் போய் அதை எழுதக் கொடுத்தவள் ஸுஹைனா.